ரேக்குக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

கிடங்கில் நான்காம் வரிசை இரும்பு ரேக் சாய்ந்து விழுந்தபோது, பேக்கிங் பிரிவில் இருந்த அந்தப் பெண் அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் மூன்று மணி நேரம் கிடந்தாள். வெளியே எடுத்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "பொழச்சுக்கிட்டே போ" என்றார்கள் எல்லாரும். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு குளியலறைக் கதவைத் தாழ்போட முடியவில்லை. விளக்கை அணைத்தால் மூச்சு முட்டியது. டேப் கிழியும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டாள். நாளெல்லாம் பெட்டிக்கு டேப் ஒட்டுவதுதான் அவள் வேலையே. முடிதிருத்தும் கடை வைத்திருந்த கணவன், "மறந்துடு, மறந்துடு" என்று தினமும் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்ட ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு இடது கால் முழங்காலோடு போய்விட்டது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. விழுந்த ரேக்கை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, அதே இடத்தில் நிறுத்தியது. பிறகு விபத்தில் சிக்கியவர்களின் மனதையும் நிமிர்த்திவிட ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது.

பயிற்சியாளருக்குப் பஞ்சு போன்ற குரல். சாப்பாட்டு அறையில் ஆறு பேரை உட்காரவைத்து ஆளுக்கொரு நோட்டும் பேனாவும் கொடுத்தார்.

"நாலு நாள். தினமும் பதினஞ்சு நிமிஷம். அன்னைக்கு நடந்தது, மனசுல பட்டது, எல்லாத்தையும் எழுதுங்க. தப்பு வந்தா வரட்டும். யாரும் படிக்கப் போறதில்ல."

"யாரும் படிக்காததுக்கு எதுக்கு சார் எழுதணும்?" என்றார் ஓட்டுநர், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தபடி.

"உள்ள இருக்கிறது வெளிய வரணும்ல?"

முதல் நாள் அவள், "ரேக் விழுந்தது. உள்ளே இருந்தேன். பிறகு வெளியே வந்தேன்" என்று எழுதிவிட்டு மீதி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் பயிற்சியாளர் ஒரு படி மேலே போனார்.

"இன்னைக்கு அந்த ரேக்குக்கு ஒரு கடிதம் எழுதுங்க. உன்னை மன்னிச்சுட்டேன்னு எழுதுங்க."

ஓட்டுநர் கையைத் தூக்கினார். "ரேக் என்ன சார் பண்ணுச்சு, பாவம்? அதுக்கு போல்ட் போடாம விட்டவங்களுக்கு எழுதலாமா?"

மூலையில் உட்கார்ந்திருந்த கிடங்கு மேலாளருக்குத் திடீரென்று இருமல் வந்தது. "கோபம் வேண்டாமே, நன்றியோட எழுதுவோம்" என்றார் பயிற்சியாளர் அவசரமாக.

மூன்றாம் நாள் மேலாளர் வரவில்லை. பயிற்சியாளரும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். யாரும் மன்னிக்கச் சொல்லாததால் அவளுடைய கை தானாக ஓடியது. இருட்டு. வாயெல்லாம் அட்டைத்தூள். "பேசிட்டே இரு தங்கச்சி, தூங்கிடாத" என்ற ஓட்டுநரின் முனகல். அப்புறம், வெளியே மேலாளரின் குரல்: "முதல்ல போட்டோ எடுங்கப்பா. எத்தனை பெட்டி நசுங்கியிருக்குன்னு எண்ணுங்க. அதுவரைக்கும் எதையும் நகர்த்தக் கூடாது."

"உள்ள ஆளுங்க இருக்காங்க சார்."

"தெரியும்பா. எண்ணி முடிங்க."

இத்தனை நாளும் அதைக் கனவு என்றே நினைத்திருந்தாள். பேனாவை வைத்துவிட்டு ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அன்னைக்கு வெளிய பெட்டிய எண்ணுனாங்களே, உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் தன் நோட்டை அவள் பக்கம் தள்ளினார். அதே வார்த்தைகள். "எண்ணி முடிங்க" என்பதற்குக் கீழே பேனா தாளைக் கிழித்திருந்தது.

அன்று அவள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள். விடிந்து வெகுநேரமாகியும் எழுந்திருக்காததால் கணவன் பயந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான்.

நான்காம் நாள் மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் அவளுடைய நோட்டு. பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு பயிற்சியாளர்.

"அருமையா எழுதியிருக்கீங்கம்மா. படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. நடுவுல ஒரு பக்கத்தை மட்டும் மாத்திட்டா ஆண்டு மலர்லயே போட்டுடலாம்."

"யாரும் படிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே சார்?"

"யாரும்னா வெளியாளுங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம் இல்லையா?"

"வீட்டு ஆளு உள்ள மாட்டியிருக்கும்போது பெட்டியவா சார் முதல்ல எண்ணுவாங்க?"

மேலாளர் பயிற்சியாளரைப் பார்த்தார். "கோபமும் குணமாகிறதுல ஒரு கட்டம்தான்" என்று முணுமுணுத்தார் அவர். மேலாளர் நோட்டின்மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டார். "இது கம்பெனி நோட்டும்மா."

"வச்சுக்கங்க சார். எனக்கு இப்ப மனப்பாடம்."

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் புது நோட்டு வாங்கினாள். கணவனின் கடையில், முடிவெட்டக் காத்திருப்பவர்களின் பெஞ்சில், அவளும் ஓட்டுநரும் உட்கார்ந்து மறுபடியும் எழுதினார்கள். இந்தமுறை படிப்பதற்கு ஆள் இருந்தது: தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி. மறந்துடு என்று சொன்ன கணவனோ கத்தரியை நிறுத்தி, "போட்டோ எடுத்ததை விட்டுட்டியே, அதையும் போடு" என்றான். பாதி முடியோடு உட்கார்ந்திருந்தவரும் இரண்டு யோசனை சொன்னார்.

அதிகாரி வந்தார். பெயின்டைச் சுரண்டிப் பார்த்ததில், நாற்பது போல்ட் இருக்கவேண்டிய நான்காம் வரிசையில் பதினொன்றுதான் இருந்தன. கிடங்கை மூன்று வாரம் மூடிவைத்து எல்லா ரேக்கையும் மாற்றினார்கள். மேலாளரை வேறு கிளைக்கு அனுப்பினார்கள். பதவி உயர்வு என்று பேச்சு. ஓட்டுநர் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறினார். அவளுக்குச் சில நாள் இன்னும் வியர்க்கிறது. அப்போது வேலையை நிறுத்திவிட்டு வெளியே போய்க் காற்று வாங்குகிறாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்டால் எழுதிவிடுவாள் என்ற பயம்.

பயிற்சியாளர் தன் விளம்பரத்தில் இந்தக் கிடங்கை வெற்றிக்கதையாகச் சேர்த்துக்கொண்டார். "அனைவரும் மனம் திறந்தனர்" என்று போட்டிருந்தார். பொய்யில்லை. ஆனால் அடுத்ததாக அவரை அழைத்த கம்பெனி எடுத்த எடுப்பிலேயே கேட்டதாம்:

"எழுத்தெல்லாம் வேண்டாம் சார். களிமண்ணுல ஏதாவது பண்ணச் சொல்ல முடியுமா?"