இடி ஓயட்டும், அண்ணி

நாத்தனார் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் சுருட்டையின் கையிலிருந்த சீப்பு நழுவி விழுந்தது. மூன்று வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவள், நல்லது கெட்டது எதற்கும் எட்டிப் பார்க்காதவள், இன்று குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, நேற்றுத்தான் வந்துபோன மாதிரி கேட்டாள்:

"கூட்டம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அண்ணி. வாங்க, உக்காருங்க."

சுருட்டை என்ற பேரே இந்த நாத்தனார் வைத்ததுதான். கல்யாணமாகி வந்த புதிதில், எண்ணெய்க்கும் சீப்புக்கும் அடங்காத அவள் முடியைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டாள். புருஷனிலிருந்து அக்கம்பக்கம் வரை அதுவே ஒட்டிக்கொண்டது. பேர் வைத்தவளேதான், சுருட்டை சொந்தமாகப் பெண்களுக்கான முடியலங்காரக் கடை திறந்தபோது முறுக்கிக்கொண்டாள். "ஊரார் தலையைக் கழுவித்தான் என் தம்பி வீட்டுல உலை கொதிக்கணுமா?" என்றாள். சுருட்டையும் சும்மா இருக்கவில்லை. ஒரு சொல் ஒன்பதாகி, "உங்க ரெண்டு பேரையும் தலைமுழுகிட்டேன்" என்று நாத்தனார் கதவைச் சாத்தியதோடு போக்குவரத்து நின்றது.

இப்போது கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தலைமுடியை விரித்துக் காட்டினாள். முன்நெற்றியில் நரை பளிச்சென்று தெரிந்தது.

"நாளைக்குக் கண் ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்றேன். முன்னாடி மேஜையில உக்காந்து வர்றவங்களுக்கு வழி சொல்ற வேலை. பிள்ளைங்களும் வெளியூர் போயிட்டாங்க, எத்தனை நாள்தான் சுவத்தோட பேசறது? நான் எப்பவும் சாயம் போடப் போற கடை இன்னைக்குப் பூட்டியிருக்கு."

கடைசியாகச் சொன்னது பொய் என்று சுருட்டைக்குத் தெரியும். வரும் வழியில் அந்தக் கடை திறந்திருந்ததை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு, கிண்ணத்தில் சாயத்தைக் குழைத்தாள். வகிடு வகிடாகப் பிரித்து அடியிலிருந்து நுனிவரை பூசினாள். பூசி முடிப்பதற்குள் தெரு இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்க் கடையின் தகரப் பலகையைக் காற்று ஆட்டியது. தூரத்தில் எங்கோ வானம் உறுமியது.

சுருட்டை முடி உலர்த்தும் கருவியைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டி வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். மழை பிடித்துக்கொண்டது. உறுமல் இடியாகிக் கிட்டத்தில் வந்தது.

கழுவ வேண்டிய நேரம் வந்து கைப்பேசி மணியடித்தபோது அவள் அதை அணைத்தாளே தவிர, கழுவும் தொட்டிப் பக்கம் போகவில்லை.

"என்ன, மறந்துட்டியா? தலை அரிக்குது."

"கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகற வரைக்கும் குழாயைத் திறக்க மாட்டேன் அண்ணி. கேன் தண்ணி இருக்கு. இந்த நாற்காலியிலயே வச்சு ஊத்திடறேன்."

"நாம என்ன மொட்டை மாடியிலயா நிக்கறோம்? தலைக்கு மேல கூரை இருக்கு."

"கூரை நம்மளை மட்டுந்தான் மறைக்கும். இடி கட்டடத்துல விழுந்தா குழாய் வழியா இறங்கும். மேல தொட்டியில ஆரம்பிச்சுக் கீழ வரைக்கும் குழாய்தானே?"

"அது பிளாஸ்டிக் குழாய்."

"வெளிய தெரியறது பிளாஸ்டிக். சுவத்துக்குள்ள இருக்கறது பழைய இரும்பு. இரும்பே இல்லாட்டியும், உள்ள ஓடற தண்ணி போதும். முன்னாடி நான் வேலை பார்த்த கடையில ஒருத்தி இப்படித்தான் பின்கட்டுல துண்டு அலசிட்டு இருந்தா. கூரை மேல விழுந்த இடி குழாய்ல வந்து அவளைத் தூக்கி எறிஞ்சுது. உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ரொம்ப நாளைக்கு அவளால ஒரு டம்ளர் பிடிக்க முடியல."

நாத்தனார் கண்ணாடி வழியாகவே அவளை முறைத்தாள். காதோரம் சாயம் வழிந்தது.

"ஊரார் தலைக்கெல்லாம் வெந்நீர்க் குழாய். என் தலைக்கு மட்டும் கேன் தண்ணி! பழைய கணக்கைத் தீர்த்துக்கறே. சரி, நானே கழுவிக்கறேன்."

சொன்ன கையோடு எழுந்துவிட்டாள். போர்த்திய துணியோடு விடுவிடுவென்று போய்த் தொட்டியின் முன் குனிந்து, குழாயை நோக்கிக் கையை நீட்டினாள். சுருட்டை பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வேகத்தில் இருவரும் பின்னால் இருந்த துண்டு அலமாரியில் போய் மோதினார்கள்.

"விடு கையை!"

"திட்டுங்க, அடிங்க, என்ன வேணா செய்யுங்க. குழாயை மட்டும் தொடாதீங்க."

நாத்தனார் கையை உதறுவதற்குள் கடை முழுக்க வெளிச்சம் வெள்ளையாக அடித்தது. கூடவே சத்தம். காதில் விழுந்ததைவிட நெஞ்சில் விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். விளக்குகள் அணைந்தன. தொட்டிக் குழாயின் கழுத்தில் சடக்கென்று நீலமாக ஒரு பொறி தெறித்து மறைந்தது. எதுவோ கருகின வாடை வந்தது.

இருவரும் அலமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நாத்தனாரின் மணிக்கட்டு இன்னும் சுருட்டையின் கையுறைப் பிடியில்தான் இருந்தது.

"பார்த்தியா அதை?" என்றாள் நாத்தனார், குழாயைக் காட்டி.

"பார்த்தேன். வாங்க அண்ணி, இங்க வந்து உக்காருங்க."

கடையின் நடுவில், சுவரும் குழாயும் எட்டாத இடத்தில் நாற்காலியைப் போட்டாள். முதுகுக்குப் பின்னால் முக்காலியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, தலையை அதற்குள் சாய்த்துவிட்டாள். கேனைச் சாய்த்துக் குவளையில் பிடித்துப் பிடித்து ஊற்றினாள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. முதல் குவளைக்கு நாத்தனார் "ஐயோ" என்றாள்; அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். சாயம் கருநீலமாக ஓடி, மெல்ல மெல்ல வெளுத்தது. நெற்றியிலும் காதுமடலிலும் படிந்திருந்ததைச் சுருட்டை விரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். வாடிக்கைக்காரர்களுக்குச் செய்வதுதான். ஆனால் இன்று கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"தலைமுழுகிட்டேன்னு சொன்னேன்ல அன்னைக்கு," என்றாள் நாத்தனார், மூடிய கண்ணைத் திறக்காமலே.

"சொன்னீங்க. இன்னைக்கு முழுகறதுக்குத் தண்ணி இல்லாம என்கிட்ட வந்து மாட்டிக்கிட்டீங்க."

நாத்தனார் சிரித்ததில் தொட்டித் தண்ணீர் தளும்பிச் சுருட்டையின் காலை நனைத்தது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியபோது கண்ணோரம் ஈரமாக இருந்தது. சாயமாகவும் இருக்கலாம் என்று சுருட்டை துண்டால் ஒற்றிவிட்டாள்.

"அந்தக் கடை பூட்டல. திறந்துதான் இருந்துச்சு."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா எழுந்து போயிருவீங்களே."

இடி நகர்ந்து நகர்ந்து ஊரின் மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போது சுருட்டையின் கைப்பேசி அடித்தது. ஷாம்பு தேய்த்துக்கொண்டிருந்த அவளுக்கு இரண்டு கையும் நுரை. "உன் புருஷன்தான்," என்று நாத்தனாரே எடுத்துக் காதில் வைத்தாள்.

"நனைஞ்சு போய் இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். ஒரு குளியல் போட்டுட்டு உன்னைக் கூட்டிட்டுப் போக வரவா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"குளிக்காதேடா! பாத்திரமும் கழுவாதே, கையும் கழுவாதே. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகட்டும். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிட்டுச் சும்மா உக்காரு."

இணைப்பு போய்விட்டதோ என்று அவள் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா?" என்றது குரல், மெதுவாக.

"ஆமாடா. உன் பொண்டாட்டி கடையிலதான் இருக்கேன். பிடிச்சு இழுத்து உக்கார வச்சிருக்கா. மழை விடட்டும், ரெண்டு பேரும் நடந்தே வர்றோம்."