முன்பக்கம் வேண்டாம்

பெரிய தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் காசிக்கு, வேண்டாம் என்ற சொல்லில் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. வேண்டாம் என்று படியிறங்குகிற ஆள், செருப்பை மாட்டுவதற்குள் ஒருதரம் திரும்பிப் பார்க்காமல் போனதை அவர் கண்டதே இல்லை.

அதனால்தான் கடையில் வேலை பார்க்கும் தென்றல், "பௌர்ணமிக்கு என்னை முன்பக்கம் நிக்க வெக்காதீங்கண்ணா, கூட்டத்தைப் பாத்தாலே படபடன்னு வருது" என்றபோது அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எதிர்க்கடைக்காரன் இன்னா சம்பளம் பேசினான்?"

"யாரும் பேசலைங்கண்ணா."

அதற்குமேல் அவள் வாய் திறக்கவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண்ணுக்கு இவ்வளவு சாமர்த்தியமா என்று மெச்சிக்கொண்டார் காசி. வாயை மூடிக்கொண்டு நிற்கிறவரிடம்தான் வியாபாரி இறங்கி வருவான். அது அவருக்குத் தெரியாதா? சம்பளத்தைக் கூட்டி, முன்பக்கத்துக்கே அவளை மேனேஜர் ஆக்கினார். "வேணாங்கண்ணா" என்றாள். கெட்டிக்காரி, இன்னும் இழுக்கிறாள் என்று நினைத்தார்.

பௌர்ணமி மாலை. கிரிவலம் போகிறவர்களும் முடித்தவர்களும் கடைக்குள் முட்டினார்கள். ஓர் அம்மாள் குத்துவிளக்கை ஆட்டி ஆட்டி விலை கேட்டாள். தென்றலின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்படியே பின்கட்டுக்கு ஓடிவிட்டாள்.

"மேனேஜர் ஆன மறுநாளே ஓட்டமா!" என்று பல்லைக் கடித்தபடி பின்னாலேயே போனார் காசி.

அண்டாக்களுக்கு நடுவே தரையில் சுருண்டிருந்தாள். முகம் வேர்த்து வெளுத்திருந்தது. நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். கடையில் காசியைவிடப் பழைய ஆளான ஜோதியம்மாள் அவள் முதுகை நீவிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டோ சொல்லட்டா? ஆஸ்பத்திரிக்கு..." என்றார் காசி.

"எல்லாம் போய்ட்டுதான் வந்தா. நெஞ்சுல ஒண்ணுமில்ல, மனப்பதற்றம்னாங்களாம். உன்கிட்ட சொன்னா இன்னா பண்ணுவ? சம்பளத்தை ஏத்தி ஏலம் உடுவ."

காசி அவசரமாக, "ஒரு மாசம் லீவு எடுத்துக்கோம்மா, சம்பளத்தோட" என்றார்.

தென்றல் இன்னும் சுருங்கினாள். "நிறுத்திடாதீங்கண்ணா. எனக்கு வேலை வேணும்."

தன் பேச்சு அப்படியும் காதில் விழும் என்று அவர் நினைத்ததே இல்லை. "சரி, நான் இன்னா பண்ணட்டும்? நீயே சொல்லு."

"கொஞ்ச நேரம்... பேசாம இருங்கண்ணா."

கவிழ்த்துவைத்த அண்டாமேல் உட்கார்ந்தார். "கடையில ஆள் இருக்கா இல்லியா?" என்று வெளியே யாரோ கத்தினார்கள். ஜோதியம்மாள் எழுந்து போனாள். காசிக்குத் தொண்டைவரை பதில் வந்தது, விழுங்கிக்கொண்டார்.

மூச்சு ஒருவழியாகத் தணிந்ததும் கேட்டார்: "இனிமே உள்ளயே பேக்கிங் பாக்கறியா?"

"பாக்கறேன். அங்கயும் இது வந்துச்சுன்னா?"



"வந்தா சொல்லு. வேலை எங்கயும் போகாது."

அவள் தலையாட்டினாள். நம்பினதாகத் தெரியவில்லை.