போடியாருக்கு வந்த முகம்

அறுபத்திரண்டாம் ஆண்டு பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, கொழும்பு மெயிலில் வந்த பத்திரிகைக் கட்டின் சணல் மட்டக்களப்பு ஸ்டேசனில் அறுக்கப்பட்ட நேரத்தில், வாவிக்கு மேற்கே பழுகாமத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அழகரத்தினம் போடியாருக்குச் செத்துப்போன ஒருவனின் முகம் வந்து சேர்ந்தது. மெயில் அன்று கொஞ்சம் பிந்தி வந்திருந்தது. நெல் விலையில் மாற்றமில்லை. போடியாரின் மனைவி புஸ்பம் சீனிப் போத்தலை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. உருண்டைக் கன்னமும் இரட்டை நாடியும் இருந்த இடத்தில் ஒட்டிய கன்னமும், இடது புருவத்தைப் பிளந்த பழைய தழும்பும், வெயில் தின்ற தோலும் இருந்தன. கழுத்துக்குக் கீழே மனிதர் பழைய போடியார்தான். தொந்தி அப்படியே இருந்தது. "என்ன பாக்கிறாய், தேத்தண்ணியத் தா" என்று அவர் கேட்ட குரலும் பழைய குரல்தான். அந்தக் குரலை நம்பித்தான் புஸ்பம் அவரை வீட்டில் வைத்துக்கொண்டாள். ஊர் வழக்கப்படி வீடு அவளுக்குத் தாய்வழி வந்த சீதனம். வெளியே போ என்று அவள் சொல்லியிருந்தால் ஒருவரும் குறுக்கே பேசியிருக்க முடியாது.

இது எப்படி நேர்ந்தது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. புளியந்தீவில் ஸ்டூடியோ வைத்திருந்த பஸ்தியாம்பிள்ளை, கொழும்புப் பத்திரிகை ஒன்றின் மட்டக்களப்பு நிருபராகவும் இருந்தார். அந்தக் கிழமை அவரிடம் இரண்டு படங்கள் சேர்ந்திருந்தன. ஒன்று, ஏறாவூருக்கு இந்தப் பக்கம் ரயில் மோதி இறந்து, யார் எவர் என்று தெரியாமல் பிணவறையில் கிடந்த கூலிக்காரன் ஒருவனின் படம். ரயில் அவன் முகத்தைத் தொடவில்லை. அவனுடைய மூட்டையில் நெல் வெட்டும் தாக்கத்தி ஒன்று இருந்ததால், பொலிஸ்காரர் ஒருவர் அந்தப் படத்தின் பிரதியோடு வெள்ளாமை ஊர்களுக்குப் போய் வயற்காணிக்காரரான போடிமாரை விசாரித்தார். எல்லாப் போடிமாரும் தெரியாது என்றார்கள். மற்றப் படம், புதிதாகச் சமாதான நீதவான் பட்டம் கிடைத்த அழகரத்தினம் போடியாருடையது. நெல்லுக் காணி நிறைய உள்ளவர், கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர், இனி ஜே.பி. என்றும் போட்டுக்கொள்ளலாம் என்ற சந்தோசத்தில் ஸ்டூடியோவுக்கு வந்தவர், விளக்கு மின்னிய ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டார்.

பஸ்தியாம்பிள்ளையிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கண் மூடிய படம் தன் ஸ்டூடியோவை விட்டு வெளியே போவது தொழிலுக்கு இழுக்கு என்று நினைப்பவர் அவர். கல்யாணப் படங்களில் எத்தனையோ மாப்பிள்ளைமாருக்கு நெகட்டிவில் பென்சில் வைத்துக் கண் திறந்து விட்டிருக்கிறார். அந்தக் கைப்பழக்கத்திலேயே இறந்தவனுக்கும் கண்ணைத் திறந்துவிட்டார். நன்றாகவே திறந்திருந்தார், ஆள் எதையோ கேட்கப் போகிறவன் மாதிரி இருந்தான். போடியாருக்கும் திறக்கத்தான் பார்த்தார். "என்ட முகத்தில ஒருத்தரும் கீறப்படாது. சாமி கும்பிடுறாப்போல இருக்கு, அப்பிடியே இருக்கட்டும்" என்று போடியார் சொல்லிவிட்டார். வெற்று மார்பில் வெள்ளைச் சால்வையைக் கழுத்துவரை போர்த்தியிருந்தார். பிணவறையில் கிடந்தவனையும் வெள்ளைத் துணியால் கழுத்துவரைதான் மூடியிருந்தார்கள். இரண்டு படங்களும் ஒரே உறையில் மெயிலில் கொழும்புக்குப் போயின. படங்களோடு குத்தியிருந்த பெயர்த் துண்டுகள் வழியில் கழன்றுவிட்டன. பத்திரிகைக் கந்தோரில் இருந்தவர்கள் முட்டாள்கள் அல்லர். ஒருவர் கண் மூடியிருக்கிறார், ஒருவர் கண் திறந்திருக்கிறார், இதில் செத்தவர் யார் என்று யோசிக்க அவர்களுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

ஆக, 'ரயில் மோதி இறந்தவர் அடையாளம் காணப்படவில்லை' என்ற செய்தியின் மேலே போடியாரும், 'பழுகாமம் அழகரத்தினம் அவர்கள் சமாதான நீதவானாக நியமனம்' என்ற செய்தியின் மேலே இறந்தவனும் அச்சாகி வந்தார்கள். மத்தியானத்துக்குள் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு கார் நிறையச் சொந்தக்காரர் அழுதுகொண்டு வந்து இறங்கினார்கள். பின்னாலேயே மாலையோடு வாழ்த்த வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் புஸ்பம் தேநீர் கொடுத்தாள். போடியார் தலையில் துவாயைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு புளியந்தீவுக்குப் போனார். பஸ்தியாம்பிள்ளை அவரைக் கண்டதும் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். தன் பென்சிலின் வேலை தனக்கு எதிரே உயிரோடு நின்று பேசுவதை அவர் பார்க்க வேண்டியிருந்தது. நாளைக்கே மறுப்புப் போடுவிக்கிறேன் என்று கையைப் பிசைந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "மறுகா மற்ற ஆள்ட படத்தையும் சரியாப் போடோணும் போடியார். அந்த மனிசனத் தேடுற ஆக்கள் இருப்பாங்க" என்றார்.

"எந்தப் படத்தப் போடப் போறாய்? இந்த முகத்தையா?" என்று போடியார் துவாயை விலக்கிக் காட்டினார். "இது இப்ப என்ட முகம். இதப் போட்டு ரயில்ல அடிபட்டுச் செத்தவன் எண்டு எழுதினா நான் மறுகாலும் ஊர்ச் சிரிப்பாப் போறதா?"

அவர் சொன்னது சரிதான் என்று பஸ்தியாம்பிள்ளை ஒத்துக்கொண்டார். ரயில் செய்தியோடு வெளியான படம் இறந்தவருடையதல்ல, வருந்துகிறோம் என்று நாலு வரி மட்டும் மறுநாள் வந்தது. இறந்தவனின் படம் எங்கும் வரவில்லை. உரிமை கோர ஒருவரும் வராததால் அவனை நகரத்து மயானத்தின் ஒரு மூலையில் பெயரில்லாமல் புதைத்தார்கள். போடியாரின் பழைய முகம் அங்கே போய்விட்டதா என்று சிலர் கதைத்துக்கொண்டதுண்டு. தோண்டிப் பார்க்கப் போனவர் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு போடியாரால் கண்ணை மூட முடியவில்லை. பென்சிலால் திறந்த கண் திறந்தபடியே நின்றது; இமை கனக்கும், பாதி இறங்கும், பழையபடி ஏறிவிடும். தூங்கும்போதும் திறந்த கண்ணோடு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். புஸ்பம் கண்ணாடிகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். கோயில் திருவிழாவில் அவர் முன்வரிசையை விட்டு மடைப்பள்ளிப் பக்கம் போய் நின்றார். கூலிக்காரன் முகத்தோடு எப்படி முத்திரை குத்துவது என்ற வெட்கத்தில், அவ்வளவு ஆசைப்பட்ட ஜே.பி. முத்திரையை ஒரு தரம்கூட மையில் தோய்க்கவில்லை. கையெழுத்துக் கேட்டு வருபவர்களைப் பக்கத்து ஊருக்கு அனுப்பினார். இப்படி நாலு வருடம் போனது.

இதில் சொல்ல வெட்கமான பகுதி ஒன்று உண்டு, சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். போடியாருக்கு வந்த முகம் யாருடையது என்பது பழுகாமத்தில் முதல் நாளே தெரிந்துவிட்டது. போடியாரின் வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டியவர்கள், நெற்சூடு மிதித்தவர்கள், சோறு சமைத்துக் கொடுத்த பெண்கள் எல்லாருக்கும் அந்தப் புருவத் தழும்பு தெரியும். அது வாகரையிலிருந்து வெட்டுக்கு வருகிற காளிக்குட்டியின் முகம். மறுப்பும் வந்தபிறகு, ரயிலில் அடிபட்டவனும் அவனே என்று கணக்குப் பார்க்கத் தெரியாத ஆள் ஊரில் இல்லை. ஆனால் ஜே.பி. போடியாருக்கு முன்னால் நின்று, உங்களுக்கு வந்திருப்பது உங்கள் கூலிக்காரனின் முகம் என்று யார் சொல்வது? மரியாதைக்குறைவு என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். வாகரைக்கு யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் மற்றவரை நினைத்துக்கொண்டார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அவ்வளவு மரியாதையான ஊர் அது.

காளிக்குட்டியின் மனைவி ஆச்சிப்பிள்ளை, வெட்டுக்குப் போன புருசன் தன்னையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டு எங்கோ போய்விட்டான் என்று நினைத்தாள். ஊரும் அப்படித்தான் சொன்னது. புறப்பட்ட அன்று இருவருக்கும் சண்டை வேறு. காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடவை கொண்டுவரும் கச்சி முகம்மது, அறுபத்தாறாம் ஆண்டில் அவளுடைய மகளுக்குச் சீத்தைத் துணி ஒன்றைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். தாளை விரித்தபோது அதில் புருசன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "நானா, இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். கச்சி முகம்மது நல்ல செய்தி என்று நினைத்து உரக்கவே வாசித்தார். பேரை மாற்றி, பணக்காரியைக் கட்டி, பட்டமும் வாங்கி இருக்கிறான் என்று ஆச்சிப்பிள்ளை விளங்கிக்கொண்டாள். மறுநாள் வாழைச்சேனையில் ரயில் ஏறி மட்டக்களப்பில் இறங்கி, பஸ் பிடித்து, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து பழுகாமத்துக்கு வந்தாள். வழியில் அவள் வீடு விசாரித்தபோது, கையிலிருந்த படத்தைக் கண்டு அவள் யார் என்று விளங்கிக்கொண்டவர்களும் கையை நீட்டி வழியைக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

போடியார் முற்றத்தில் நெல் காய்வதைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார். ஆச்சிப்பிள்ளை வேலியோரம் நின்று அவரை நன்றாகப் பார்த்தாள். 

"பெரிய மனிசராகித்தீங்க. நல்லம்" என்றாள். "எனக்கு ஒண்டும் வேணாம். புள்ளையள் ரெண்டும் இருக்கா செத்தா எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

போடியார் அவள் கையிலிருந்த கசங்கிய தாளைக் கண்டார். இந்த முகத்துக்கு ஒரு வீடு இருந்திருக்கும் என்ற எண்ணம் நாலு வருடத்தில் அன்றுதான் முதல் முறையாக அவருக்கு வந்தது.

"நான் உங்கட புரிசன் இல்ல, புள்ள" என்றார். "இது அவர்ட முகம். என்னட்ட வந்திட்டு."

குரலைக் கேட்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. அப்படியே நெல்லின் மேல் குந்திவிட்டாள். புஸ்பம் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். எங்கே, எப்போது என்று போடியார் ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டு முடிந்ததும் ஆச்சிப்பிள்ளை, "எங்க போகக்க அடிபட்டவர்?" என்றாள்.

"ஏறாவூர்ப் பக்கம். வடக்க பாத்து நடந்திருக்கார்."

"அப்ப வீட்டுக்குத்தான் வந்திருக்கார்" என்றாள் அவள். பிறகு, "பழுகாமத்துப் போடியார்ட வட்டையில வெட்டுறன் எண்டுதான் சொல்லுவார், பேர் சொன்னதில்ல. அப்ப உங்கட வட்டையிலதான் நாலு வெள்ளாமை வெட்டினவர். உங்களுக்குத் தெரியாதா அவர?" என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். போடியாரின் மூட முடியாத கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் அவருக்குக் கை எழவில்லை.

காளிக்குட்டியின் மரணத்தைப் பதிய வேண்டும் என்று போடியாரே வழக்கறிஞர் வைத்து மட்டக்களப்புக் கோட்டுக்குப் போனார். பிரேதத்தைப் பார்க்காமல் ஆளை எப்படி அடையாளம் காட்டுகிறீர் என்று நீதவான் கேட்டார். ஆச்சிப்பிள்ளை கையை நீட்டிப் போடியாரைக் காட்டினாள். நீதவான் போடியாரின் முகத்தையும் பொலிஸாரிடமிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடையாளம் சரி என்று பதியச் சொன்னார். அதோடு முடிந்திருக்கும். போடியார் தலையிலிருந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சாட்சிக் கூட்டுக்குள் தானாக ஏறினார்.

"பொலிஸ் இந்தப் படத்தக் கொண்டு வந்து எனக்குக் காட்டினது ஐயா. நான் சவரம் எடுத்துக்கொண்டிருந்தன். கிறுகிப் பாக்கல்ல. இஞ்ச அப்பிடி ஒருத்தனும் இல்லயெண்டு சொல்லிப்போட்டன். பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. நாலு வெள்ளாமை என்ட வட்டையில நிண்டவர், நான் ஒரு நாளும் அவர்ட முகத்தப் பாத்ததில்ல."

பழுகாமத்திலிருந்து வந்து பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பஸ்தியாம்பிள்ளையும் செய்தி எழுத வந்திருந்தார், ஒன்றும் எழுதவில்லை.

கோட்டிலிருந்து மயானத்துக்குப் போனார்கள். மூலையில் புல் மூடிய மண்ணைக் காட்டியபோது ஆச்சிப்பிள்ளைக்கு அழ வரவில்லை, அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. அவள் கிறுகிப் போடியாரைப் பார்த்தாள்.

"கண் மூடல்லயா அவருக்கு?" என்றாள்.

"நாலு வருசமா மூடல்ல, புள்ள."

"குனியுங்க" என்றாள். போடியார் குனிந்தார். அவள் உள்ளங்கையை நெற்றியில் வைத்து, இரண்டு இமைகளையும் மெல்லக் கீழே இறக்கிவிட்டாள். அவை மேலே வரவில்லை. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள், பேரைச் சொல்லி, சண்டை பிடித்ததைச் சொல்லி, பிள்ளைகளைச் சொல்லி. அவள் அழுது முடிவதற்குள் போடியார் அந்த மண்ணிலேயே சரிந்து தூங்கிவிட்டார். காரில் தூக்கிப் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். மறுநாள் வெயில் ஏறியபிறகு எழும்பி, புஸ்பத்திடம் கண்ணாடி கேட்டார்.

பழைய முகம் திரும்பவில்லை. திரும்பும் என்று ஊர் கொஞ்சக் காலம் எதிர்பார்த்தது, பிறகு அதைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டது. போடியார் துவாயால் மறைப்பதை நிறுத்தினார். காளிக்குட்டியின் மரணப் பத்திரத்துக்கான சத்தியக் கடதாசியில்தான் அவருடைய முத்திரை முதலாவதாக விழுந்தது. வெட்டுக்காலத்தில் வட்டைக்குப் போய் ஒவ்வொருவரையும் முகம் பார்த்துப் பேர் கேட்டார். பார்க்கப்பட்டவர்களுக்கும் அது கூச்சமாகத்தான் இருந்தது. ஆண்டுதோறும் பங்குனியில் ஆச்சிப்பிள்ளை பிள்ளைகளோடு வந்து, அவருக்கு முன்னால் விளக்கு வைத்து, படையல் போட்டு அழுதுவிட்டுப் போனாள். அந்த நேரம் போடியார் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பார். புஸ்பம் படையலுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்தாள்.

எழுபத்து மூன்றில் அழகரத்தினம் போடியார் காலமானார். மரண அறிவித்தலுக்குப் படம் எடுக்க வந்த பஸ்தியாம்பிள்ளை பென்சிலைத் தொடவில்லை. பத்திரிகை அந்தமுறை சரியான படத்தைத்தான் போட்டது. கச்சி முகம்மது அதை வாகரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பழைய தாள் கோட்டில் கொடுத்ததோடு போய்விட, வீட்டில் புருசனுடைய படம் என்று வேறொன்றும் இல்லாததால், ஆச்சிப்பிள்ளை அதை வெட்டி, எழுத்துத் தெரியாவிட்டாலும் கீழே இருப்பது அவன் பேர் இல்லை என்று தெரிந்ததால் அந்த வரியை மட்டும் கத்தரித்துவிட்டு, சுவரில் ஒட்டி வைத்தாள்.