ரொசாலியின் அநேகமா

ரொசாலியின் ‘அநேகமா’ வருஷா வருஷம் வைகாசியில் காலாவதியாகும். எட்டு வருஷமாக அவளும் அலுக்காமல் புதுப்பித்துக்கொண்டுதான் இருந்தாள். கடலுக்குப் போன புருஷன் கஸ்பார் திரும்பவில்லை. செத்தான் என்று சொல்ல உடம்பு கிடைக்கவில்லை, இருக்கிறான் என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. “அநேகமா வந்திருவாரு” என்று சொல்லிக்கொள்ள மட்டும் அரசாங்க அலுவலகத்தில் அனுமதி கொடுத்திருந்தார்கள்.

சும்மா கொடுப்பார்களா? முதல் வருஷமே அவளுடைய ‘ஆமா’, ‘இல்ல’ இரண்டையும் பிணையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீது உண்டு. அன்றிலிருந்து சாப்பிட்டியா என்று கேட்டாலும் “அநேகமா” என்பாள். பக்கத்து வீட்டு பிலோமினா அவளிடம் உப்பு இருக்கா என்று கேட்பதையே விட்டுவிட்டாள்.

அலுவலகத்துத் தாழ்வாரம் இந்த வருஷம் இன்னும் நீண்டிருந்தது. கட்டுச்சோறு கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று. பதினோராவது கதவருகே மழை பெய்தது. அட்டெண்டர் ஸ்டூலில் நனைந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

“புதுப்பிக்க முடியாதும்மா. விதி மாறிப்போச்சு,” என்றார் அதிகாரி.

“எப்பலருந்து சார்?”

“ரோமாபுரி காலத்துலருந்து. நாங்க இப்பதான் கவனிச்சோம்.”

தடித்த அகராதி ஒன்றைப் புரட்டினார். “இங்கிலீஷ்காரன் இதை ப்ராபப்ளிங்கிறான். மூலம் லத்தீன். ப்ரொபாரேன்னா சோதிச்சுப் பாக்கறது. சோதிச்சா நிக்கும், நம்பி ஏத்துக்கலாம்னா அது ப்ரொபாபிலிஸ். உங்க அநேகமாவை யாராவது சோதிச்சாங்களா?”

ரொசாலிக்கு லத்தீன் கோயில் பாட்டில் கேட்டதோடு சரி. அது இப்படி ஆளை அறுக்கும் என்று தெரியாது.

“தெனமும் கரையில போயி நின்னேன் சார்.”

“அது காத்திருக்கறது. சோதனை வேற.”

பின்னாலிருந்த பீரோவின் கீழ் இழுப்பறையை இழுத்தார். கடல்தண்ணீர் கொட்டியது. கோப்புகளுக்கு நடுவிலிருந்து கஸ்பார் எழுந்து நின்றான். இடுப்பில் அதே நீலக் கட்டம் போட்ட சாரம். இடது புருவத்தில் அதே தழும்பு. எட்டு தடவை இந்த அறையில்தான் வந்து நின்றிருக்கிறாள், பாவிகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஏளா, இளைச்சிட்டியே,” என்றான்.

மேசையைச் சுற்றி ஓடப் போனவளை அதிகாரி கைநீட்டித் தடுத்தார்.

“முதல்ல பதில். இவர் உங்க புருஷனா?”

“எம் புருஷன்தான் சார். கஸ்பாரு.”

“அது பதில் இல்ல. ஆமாவா, இல்லையா, அநேகமாவா? மூணுல ஒண்ணு சொல்லணும்.”

வாயைத் திறந்தாள். ‘ஆமா’ இருந்த இடம் பல் விழுந்த இடம் மாதிரி வழவழவென்று இருந்தது. தலையை ஆட்டினாள். தலையாட்டல் செல்லாது என்றார். ரசீதை நீட்டினாள்.

“பிணையெல்லாம் சோதனை முடிஞ்சப்புறம்தான் திருப்பித் தருவோம். பதில் வரலேன்னா ஆளே இல்லேன்னு மூடிருவோம்.”

கஸ்பார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. “சொல்லுளா,” என்றான்.

ரொசாலி சொன்னாள். “அநேகமா.”

“மனைவிக்குச் சந்தேகம் உள்ளது,” என்று அதிகாரி வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார்.

கஸ்பார் கோப்புகளுக்கு நடுவே மடங்கி உட்கார்ந்தான். இழுப்பறையை மூடும்போது சாரத்தின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டார்.

“அடுத்த வைகாசிக்கு வாங்க,” என்றார்.

இழுப்பறைக்குள் வேறு யாரோ அவனிடம் என்ன ஆச்சு என்று கேட்டது காதில் விழுந்தது.

“எட்டு வருஷமாச்சுல்லா,” என்றான் கஸ்பார். “மறந்துட்டா.”