பச்சைக்குள் இருந்த ராஜா

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் பிள்ளை நான். சும்மா கிடைப்பதை நம்பமாட்டேன். சிட்லபாக்கம் தனசிங் ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தார்: "எழுதிக்குங்க சார். ஆனா என் ஒய்ஃபை முட்டாளாக்கிடாதீங்க." தலையாட்டிவிட்டேன். ஆட்டின பிறகுதான் கதை சிக்கலாயிற்று.

2

முதல் வரி இப்படி இருந்தது: "முன்னொரு காலத்தில் ரோமாபுரியிலிருந்து கப்பலேறிய ஒரு செப்புக்காசு..."

(அடித்துவிட்டேன். கப்பலேறியதை யார் பார்த்தது?)

மறுபடியும். தனசிங்கிடம் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ரோமக் காசு இருந்தது. கரூர் ஆற்றுமணலில் கிடைத்ததாக விற்றவன் சொன்னான். (விற்கிறவன் எதைத்தான் சொல்லமாட்டான்? எங்கள் கடையில் எல்லாக் குடமும் கும்பகோணத்துக் குடம்தான்.) மேலெல்லாம் பச்சைக் களிம்பு. ஞாயிறு மதியம் சர்ச்சிலிருந்து வந்து, சாப்பிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து லென்ஸை வைத்தால் பச்சை மெல்ல அலையடிக்கும். அடியில் ஒரு முகம். ஒரு வாரம் முத்து வைத்த நெற்றிப்பட்டம் தெரியும், ஒரு வாரம் தாடி. மழை நாளில் பெண்பிள்ளை போலக்கூட இருக்கும். ஃபேன் காற்றில் திரைச்சீலை கப்பல் பாயாக விரியும். சிட்லபாக்கம் ஏரி துறைமுகமாகிவிடும். ஆபீஸில் ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்காத மனுஷரை, ஆழத்திலிருந்து யாரோ நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்த முகம் யார் என்று தெரிந்தால் போதும் அவருக்கு.

3

பழங்காசைப் பார்த்து அதிலிருக்கும் ஆளைச் சொல்வதில் கேளம்பாக்கம் ஐசக் கெட்டிக்காரர். பொய் மட்டும் வராது. சொந்த மச்சான் விருந்தில் பெருமையாக நீட்டிய கிரேக்க வெள்ளிக்காசை, பிரியாணிக்கு நடுவே "ஈயம்" என்றவர். அவர் வருகிறார் என்று தனசிங் காசை டேபிளில் எடுத்து வைத்துவிட்டு பஜ்ஜி வாங்கப் போனார்.

திரும்பினால், டேபிளில் ஏதோ பளபளக்கிறது.

"ஏங்க, வர்றவருக்கு அப்படியே அழுக்கோடயா காட்டுவீங்க?" என்றாள் அவர் மனைவி புஷ்பம், கையைத் துடைத்தபடி. "புளியும் உப்பும் போட்டு ஊறவச்சுத் தேச்சேன். எவ்ளோ பாசி. இப்பப் பாருங்க."

(பாத்திரக்கடைக்காரன் மகன் சாட்சி சொல்கிறேன்: செம்புக்கு அது சரியான வைத்தியம். குடமாயிருந்தால் குறையே இல்லை. பழங்காசு வேறு. செம்பு நாள்பட அரித்துக் களிம்பாகும்போது முகமும் அந்தக் களிம்புக்கே குடிபோய்விடுகிறது. பச்சை போனால் ராஜாவும் போனார்.)

தனசிங் லென்ஸை வைத்தார். பொடிப்பொடிக் குழிகள். கடலும் இல்லை, ஆளும் இல்லை. பக்கத்தில் அவள், பள்ளிக்கூடப் பிள்ளை நோட்டை நீட்டிவிட்டு நிற்பதுபோல.

"நல்லாருக்கு புஷ்பம்," என்றார்.

4

முடிவு ஒன்று: தனசிங் கத்துகிறார். (எழுதிப் பார்த்தேன். அவருக்குக் குரலே எழும்பவில்லை.)

முடிவு இரண்டு: ஓஎம்ஆர் ரோட்டில் டிராஃபிக், ஐசக் வரவில்லை. (மலிவுச் சரக்கு. நீங்கள் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டீர்கள்.)

முடிவு மூன்று: ராஜா கனவில் வந்து புஷ்பத்தை மன்னித்து... ராஜாவுக்கு என்ன வந்தது, நஷ்டப்பட்டது தனசிங் அல்லவா, அவர்... (இதையும் அடித்துவிட்டேன்.)

5

நடந்தது இதுதான். ஐசக் வந்தார். பஜ்ஜி தின்றார். காசை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. புஷ்பத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து தனசிங் அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், சொல்லவேண்டாம் என்று.

"யாருண்ணா அது?" என்றாள் புஷ்பம். "வாரா வாரம் இவர் முறைச்சிக்கிட்டே உக்காந்திருந்தார். எனக்கே கொஞ்சம் பொறாமை."

ஐசக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அதற்கு மேல் தனசிங் சொல்லவில்லை. ரோம ராஜாக்களின் பெயர் நாலைந்து எனக்கும் தெரியும். எதை ஐசக் வாயில் போட்டாலும் புஷ்பம் நம்பிவிடுவாள். அதனால்தான் கை ஓடவில்லை. நீங்கள் சொல்லுங்கள், பெயரையோ உண்மையையோ. யோசிக்க நேரமில்லை, "எனக்கும் காட்டுங்க" என்று அவள் லென்ஸுக்குக் கை நீட்டுகிறாள்.