மூன்றாம் சிலிண்டர்

வெள்ளிக்கிழமை மாலை, ஞாயிறு பறக்கவிருந்த பழைய விமானத்தின் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தியதும் ப்ரொப்பெல்லர் பாதிச் சுற்றில் டொக்கென்று நின்றது. விமானப் பராமரிப்பு என்ஜினீயர் ரூபா மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டு ஓடியது. நின்றது எதனால் என்று அப்போது அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வாரம் மூன்று பயிற்சி விமானங்களின் வருடாந்திரச் சோதனையை முடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். வலது தோள் மரக்கட்டையாகக் கனத்தது. வீட்டுக்குப் போக நஞ்சன்கூடு பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்று இருந்தது.

அது எழுபது வருடத்துக்கு மேலான எஞ்சின். வழக்கமாகக் கிராங்க் என்கிற சுழல்தண்டு கீழேயும் சிலிண்டர்கள் மேலேயும் இருக்கும். இதை வடிவமைத்தவர் அப்படியே கவிழ்த்துவிட்டார். கிராங்க் மேலே, நான்கு சிலிண்டர்களும் வரிசையாகக் கீழே தொங்கின. அதனால் விமானத்தின் மூக்கு தாழ்ந்து ஓட்டுபவருக்கு ஓடுபாதை நன்றாகத் தெரியும். ப்ரொப்பெல்லரும் தரைக்கு உயரமாக நிற்கும். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் சில நாள் சும்மா நின்றால் மேலே உள்ள எண்ணெய் கசிந்து சிலிண்டருக்குள் தேங்கிவிடும். காற்று அமுங்குவதுபோல் எண்ணெய் அமுங்காது; அப்படியே ஸ்டார்ட்டரை அழுத்தினால் உள்ளே ஏதாவது வளைந்துவிடும். அதனால் ஸ்டார்ட் செய்யும் முன் ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். முட்டினால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும்.

இது ரூபாவுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். பதினோரு நாள் நின்றிருந்த எஞ்சினை வெள்ளிக்கிழமை அவள் சுற்றிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை விமானத்தின் சொந்தக்காரர் திருநாராயணன் மகனோடு விமானம் நிற்கும் ஹாங்கருக்கு வந்தார். ஒன்பது வருடமாக அவர் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த விமானம். அவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. மகன் ஸாரங்க் துபாயில் பைலட். நாலு நாள் லீவில் வந்திருந்தான். ஞாயிறு காலை அப்பாவை ஏற்றிக்கொண்டு பறப்பதாக ஏற்பாடு.

ஸாரங்க் எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்த்தான். இருக்கையில் லேசான நடுக்கம் தெரிந்தது.

"பழைய எஞ்சின், கொஞ்சம் ஆடத்தானே செய்யும் மேடம்?"

"போன மாசம் இப்படி ஆடலை. நிறுத்துங்க," என்றாள் ரூபா.

அப்போதுதான் முந்தின நாளின் டொக்கென்ற சத்தம் அவளுக்கு நினைவு வந்தது. எஞ்சினுக்குக் கீழே படுத்து ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டாகக் கழற்றினாள். தோளைத் தூக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிஸ்டன் முழுக்க இறங்கி நிற்கும் இடத்தை அளந்தாள். மூன்று சரியாக இருந்தன. மூன்றாம் சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாக இறங்கியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். அதே ஒன்றரை.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வயதான எஞ்சின், உலோகம் களைத்துவிட்டது என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அப்படிச் சொல்லிவிடலாமா என்று அவள் நினைத்ததும் உண்மை.

"சார், நாளைக்குப் பறக்க முடியாது. ராடு வளைஞ்சிருக்கு. நேத்து கையால சுத்திப் பார்க்காம ஸ்டார்ட்டரை அழுத்திட்டேன். உள்ளே எண்ணெய் நின்னிருக்கு. தப்பு என்னோடது."

திருநாராயணன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நேத்தே தெரிஞ்சுதா?"

"நின்ன சத்தம் கேட்டுச்சு சார். என்னன்னு பார்க்கலை."

"ஏன்?"

"முடியலை சார். உடம்பு ஓஞ்சு போச்சு. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கலை. கேட்டீங்க, சொல்றேன்."

"இவன் என்னை ஏத்திண்டு மேலே போயிருப்பான்," என்றார் அவர். குரல் உயரவில்லை. "லாக் புக்ல எழுதுங்கோ. உங்க பேரைப் போட்டு எழுதுங்கோ."

விமானத்தின் அந்தப் பதிவேட்டில் நின்றுகொண்டே எழுதினாள். ஸாரங்க் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பா அவன் கையைப் பிடித்துக் கார் இருந்த பக்கம் நடந்தார். வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஸாரங்க் திங்கட்கிழமை துபாய்க்குத் திரும்பினான்.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து வேறொரு என்ஜினீயரை அழைத்துவந்து திருநாராயணன் எஞ்சினைக் காட்டினார். மற்ற மூன்று ராடுகளும், கிராங்கும் பழுதில்லை என்றார் அவர். "மாத்துற வேலையை அந்தம்மாவே செய்யட்டும். ஒளிக்காம சொன்னவங்க," என்றும் சொல்லிப் போனாராம். அந்த எஞ்சினுக்குப் பொருந்தும் ராடு வெளிநாட்டிலிருந்து வர ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் ரூபா தோளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டாள். வாரத்துக்கு ஒரு விமானத்துக்கு மேல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

ஆனி மாதம் ஒரு காலை விமானம் பறந்தது. ஸாரங்குக்கு லீவு கிடைக்கவில்லை. வேறொரு பைலட் ஓட்டினார். சாமுண்டி மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு விமானம் தரையிறங்கியதும் திருநாராயணனை ரூபா கைகொடுத்து இறக்கினாள். அதற்குள் அவருக்கு நிழல்கள்தான் தெரிந்தன.

"ஒண்ணும் பார்க்க முடியலை," என்றார். "காத்து மட்டும் முகத்துல அடிச்சுது."

அவர் அவள் கையை உடனே விடவில்லை. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள ரூபாவுக்குத் துணிவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்க எஞ்சினுக்கு அடியில் குனிந்தாள்.