மரத்துப்போன உதடு

பூம்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விஜயராணிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக எந்தப் பல் டாக்டர் நோயாளி வீட்டைத் தேடி அலைவாள்? ஆனால் கொடைக்கானலில் அவளுடைய வாடகை அறையில் ஓதம் ஏறிய சுவரைத் தவிர முகம் பார்க்க ஆளில்லை. ஏழு மாதமாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவரும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் அம்சவள்ளி தன் ஆறு வயது மகள் கனிஷ்காவைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்திருந்தாள். கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை நரம்பு வரை இறங்கியிருந்தது. வலிக்கு மலைப்பூண்டை நசுக்கி வைத்ததில் ஈறும் வெந்திருந்தது.

"பால் பல்லு தானங்க, புடுங்கி விட்டுருங்க. காட்டுல சோலி கெடக்கு."

"புடுங்கினா பின்னாடி மொளைக்கிற பல்லு முன்னால சாஞ்சு, இந்த எடத்துல மொளைக்க வேண்டிய பல்லுக்கு எடமில்லாமப் போகும். இது பத்துப் பதினோரு வயசு வரைக்கும் இருக்கணும். பூண்டை வச்சு வேக விட்டிருக்கீங்களே, அறிவில்ல?"

கெட்டுப்போன மேல் நரம்பை மட்டும் எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்தாள். அடுத்த வாரம் ஸ்டீல் மூடி போட வேண்டும், இல்லாவிட்டால் பல் உடைந்துவிடும் என்றாள். திட்டிய வேகத்தில் ஒன்றை மறந்தாள். ஊசியால் உதடு மரத்திருக்கும், பிள்ளை கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை.

அவர்கள் வரவில்லை. "புள்ளைக்கு உதடு பணியாரமாட்டம் வீங்கிருச்சாம்மா. ஊசி போட்ட கை சரியில்லன்னு பேச்சு" என்றார் உதவியாளர் வேலுசாமி.

விஜயராணி வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது அம்சவள்ளி முற்றத்தில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. கனிஷ்கா தானாகவே வந்து வாயைத் திறந்தாள். உதடு ஆறியிருந்தது. அடைப்பின் ஓரம் பெயர்ந்திருந்தது. பல் இன்னும் உடையவில்லை.

"உதட்டை அவளே கடிச்சிருக்கா. நான் சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

"அது நாலு நாள்ல ஆறிருச்சுங்க. அதுக்கில்ல. அத்தன பேரு முன்னால அறிவில்லன்னீங்க. வீட்டுக்கு வந்து இது கேக்குது, 'ஒனக்கு அறிவில்லையாம்மா'ன்னு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

ஆயக்குடியில் கொய்யாக்கூடை தூக்கும் விஜயராணியின் அம்மாவை, கல்லூரி அலுவலக வரிசையில் ஒருவன் இதே வார்த்தையைத்தான் கேட்டான். பக்கத்தில் ஃபைலைப் பிடித்தபடி இவள் நின்றிருந்தாள்.

"செவ்வாக்கெழமை வெள்ளனே வாங்கக்கா. ஆளுக வர்றதுக்குள்ள போட்டுர்றேன்."

"பாப்பம்."

செவ்வாயன்று முதல் பஸ்ஸில் வந்தார்கள். அம்சவள்ளி வாசலோடு நின்றுகொண்டாள். விஜயராணி தன் நாற்காலியை இழுத்து மகளின் தலைமாட்டில் போட்ட பிறகே அம்சவள்ளி உள்ளே வந்தாள். நாலாவது அளவு மூடி கச்சிதமாக உட்கார்ந்தது.

"ரெண்டு மணி நேரம் உதடு மரத்திருக்கும். கடிக்காமப் பாத்துக்கங்க."

"அதான் தெரியுமே."

பஸ் கிளம்பும்போது ஜன்னலில் கனிஷ்கா வாயை ஆவென்று திறந்து பளபளக்கும் மூடியைக் காட்டினாள். அம்சவள்ளி உள்ளங்கையால் அந்த வாயை மூடி அப்படியே பிடித்துக்கொண்டாள். விஜயராணி பக்கம் திரும்பவில்லை.

பஸ் வளைவில் மறைந்தது. கிளினிக் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.